தொழில் தொடங்குவோர் பெருகினால் நாடு வளருமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார். வேலை கிடைக்காத இளைஞர்களுக்குக் கடனும் பயிற்சியும் கொடுத்து ஆளுக்கொரு தொழில் தொடங்கவைத்தால் வளரும் நாடு ஒன்றின் பொருளாதாரம் உயர்ந்துவிடுமா என்பது ஒன்று. உயராது என்றால், பெரிய தொழிற்சாலைகள் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லையா என்பது மற்றொன்று. கடைசி வரியில், இப்போது ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவரும் தான் சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். நான் பல ஆண்டுகள் சிறு, நடுத்தரத் தொழில்களின் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தவன். பிறகு, இத்தகைய உதவித் திட்டங்கள் பலன் தந்தனவா என்று மதிப்பிடும் பணிக்கு மாறினேன். ஆகவே என் பார்வையில் கடன் கொடுப்பவனின் சாய்வு இருக்கும். பங்கு முதலீட்டை நம்பி வளரும் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். சொந்தத் தொழில் செய்வோரின் விகிதம் பணக்கார நாடுகளைவிட ஏழை நாடுகளில்தான் மிக அதிகம். மிகக் குறைந்த வருமானமுள்ள நாடுகளில் உழைப்போரில் பெரும்பான்மையினர் மாதச் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். சிறு விவசாயம், தெருவோர விற்பனை, தையல், பழுதுபார்ப்பு என்று தமக்குத் தாமே முதலாளியாக இருப்பவர்கள். அமெரிக்காவில் அந்த விகிதம் சுமார் பத்தில் ஒருவர்தான். முதலாளிகளின் எண்ணிக்கையே நாட்டை வளர்க்கும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? நாடு வளர வளர மக்கள் சிறு தொழிலை விட்டுச் சம்பள வேலைக்குப் போவதுதான் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நடந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் தொழில் தொடங்கியவரையும், ஒரு வாய்ப்பைக் கண்டு தொடங்கியவரையும் ஆய்வாளர்கள் தனித்தனியாக எண்ணுவது இதனால்தான். முதல் வகையினர் கடையைத் திறந்திருப்பது வேலையின்மையின் மறுபெயர். நல்ல வேலை ஒன்று கிடைத்தால் நாளைக்கே மூடிவிடுவார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆக, எத்தனை பேர் தொடங்கினார்கள் என்பதைவிட, தொடங்கியவர்களில் எத்தனை பேர் வளர்ந்து மற்றவர்களுக்கு வேலை கொடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைத் துல்லியமாகக் காட்டியவர்கள் சாங்-தாய் ஷியே, பீட்டர் கிளெனோ என்ற இரண்டு பொருளியலாளர்கள். 2014-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு அமெரிக்கா, மெக்சிகோ, இந்தியா மூன்றிலும் உள்ள உற்பத்தி ஆலைகளை வயதுவாரியாக ஒப்பிட்டது. அமெரிக்காவில் நாற்பது வயதைத் தாண்டிய ஆலையில், புதிதாகத் தொடங்கிய ஆலையைப்போல் ஏழு மடங்குக்கும் மேலான ஆட்கள் வேலை செய்கிறார்கள். மெக்சிகோவிலும் இந்தியாவிலும் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். ஏழை நாடுகளில் தொழில்கள் பிறக்காமல் இல்லை. பிறந்தவை பிறந்த அளவிலேயே நின்றுவிடுகின்றன. நல்ல நிறுவனம் பெருகவும் மோசமான நிறுவனம் மூடவும் வேண்டிய இடத்தில், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குட்டையாகவே காலம் தள்ளுகின்றன.

வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1974-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நூலிழை ஒப்பந்தம், தென் கொரியா போன்ற நாடுகள் பணக்கார நாடுகளுக்கு அனுப்பும் ஆடைகளுக்கு ஒதுக்கீட்டு வரம்பு விதித்தது. கொரியாவின் தேவூ நிறுவனம் அந்த வரம்புக்கு உட்படாத நாடு ஒன்றைத் தேடியது. நூருல் காதர் என்ற முன்னாள் அரசு அதிகாரி வங்கதேசத்தில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1978-இல் தேவூவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1979-இல் 130 பேரைக் கொரியாவின் புசான் நகரிலிருந்த தேவூ ஆலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். ஏறக்குறைய ஆறு மாதங்கள் அவர்கள் அங்கே வெட்டுவது, தைப்பது, தரம் பார்ப்பது, வரிசையில் வேலை எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிப்பது, வெளிநாட்டு வியாபாரியோடு விலை பேசுவது எல்லாவற்றையும் கற்றார்கள். 1980-இல் உற்பத்தி தொடங்கியது.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறிவிட்டார்கள். சிலர் சொந்தமாக ஆடை ஆலை தொடங்கினார்கள். மற்றவர்கள் புதிதாக முளைத்த ஆலைகளில் மேற்பார்வையாளர்களாகவும் மேலாளர்களாகவும் சேர்ந்தார்கள். பயிற்சிக்குப் பணம் போட்டவருக்கு இது நஷ்டம். நாட்டுக்கோ இதுதான் பெரிய லாபம். வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. அந்தத் தொழிலில் இலட்சக்கணக்கான பெண்கள் முதன்முறையாகச் சம்பளம் வாங்கினார்கள். இதே தொழிலில்தான் 2013-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வளர்ச்சி தானாகவே பாதுகாப்பைக் கொண்டுவந்துவிடுவதில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடன் துறையில் இருந்தவனுக்கு அதில் வேறு இரண்டு அம்சங்கள் கண்ணில் படும். ஒன்று, ஏற்றுமதிக்கான துணியைச் சுங்க வரி கட்டாமல் இறக்குமதி செய்து, சுங்க அதிகாரிகளின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் வைத்துப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. மற்றொன்று, வெளிநாட்டு வியாபாரி திறந்த வங்கி உறுதிக் கடிதத்தை, அதாவது சரக்கு அனுப்பினால் பணம் தருவதாக வங்கி பொறுப்பேற்கும் கடிதத்தை, காட்டி, அதன் பலத்திலேயே துணி வாங்குவதற்கு இன்னொரு உறுதிக் கடிதத்தை உள்ளூர் வங்கியில் திறந்துகொள்ளும் ஏற்பாடு. இதனால் கையில் பெரிய முதல் இல்லாதவரும் பெரிய ஆர்டரை எடுக்க முடிந்தது. நடைமுறை மூலதனம், அதாவது விற்ற பணம் கைக்கு வரும்வரை தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், என்கிற கழுத்தை நெரிக்கும் கயிறு அவிழ்ந்தது. இந்த இரண்டும் இல்லாமல் போயிருந்தால் அந்த 115 பேரில் பலர் நல்ல மேற்பார்வையாளர்களாக மட்டுமே ஓய்வு பெற்றிருப்பார்கள் என்பது என் கணிப்பு. இதை நிரூபிக்க வழியில்லை.

நடைமுறை மூலதனத்தை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்று விளக்குகிறேன். இரும்பு அலமாரி செய்யும் ஒரு பட்டறைக்கு 100 மதிப்புள்ள ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். தகடும் வண்ணமும் 60, கூலி 20, மிச்சம் 20. பட்டறைக்காரர் கையில் இருப்பது 30. மீதி 50-ஐ மாதம் மூன்று சதவீத வட்டிக்கு வாங்குகிறார். மூன்று மாதத்தில் பணம் வந்துவிட்டால் வட்டி 4.5 போகும், பரவாயில்லை. அதே பணம் ஒன்பது மாதம் கழித்து வந்தால் வட்டி மட்டும் 13.5. வாடகையும் மின்கட்டணமும் போனால் லாபம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. அந்த ஒன்பது மாதமும் அவருடைய 30 அங்கேயே முடங்கிக் கிடப்பதால், வந்த அடுத்த ஆர்டரையும் திருப்பி அனுப்பியிருப்பார். நான் பார்த்த விண்ணப்பங்களில் தொழில் தெரியாமல் மூழ்கியவர்களைவிட, வரவேண்டிய பாக்கி வராமல் மூழ்கியவர்கள் அதிகம். பாக்கி வைத்தவர்களின் பட்டியலில் அரசுத் துறைகளே அடிக்கடி முதலிடத்தில் இருந்தன. ஒரு கையால் தொழில்முனைவோருக்கு மானியம் அறிவித்துக்கொண்டே, மறு கையால் அவர்களுடைய பில்லை ஓராண்டு கிடப்பில் போடும் அரசு எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல.

இனி, கடன் கொடுத்தால் போதுமா என்ற கேள்வி. இதில் ஓரளவு தெளிவான ஆதாரங்கள் இருக்கின்றன. ஏழைகளுக்கு ஈடு இல்லாமல் சிறு கடன் கொடுக்க முடியும், அவர்கள் திருப்பிக் கட்டுவார்கள் என்று வங்கதேசத்தின் கிராமீன் வங்கி நிரூபித்தது. அதற்காக அதை நிறுவிய முகமது யூனுஸுக்கும் அந்த வங்கிக்கும் 2006-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் திருப்பிக் கட்டுவது வேறு, வறுமையிலிருந்து மேலேறுவது வேறு. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் குலுக்கல் முறையில் நடத்தப்பட்ட ஆய்வுகள் 2015-இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. சிறு கடன் கிடைத்த இடங்களில் தொழில் நடவடிக்கை கொஞ்சம் கூடியது. செலவுகளைத் திட்டமிட வசதி கிடைத்தது. குடும்ப வருமானத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரமே தவணை தொடங்கும் கடனைக் கொண்டு, பலன் தர ஓராண்டு பிடிக்கும் இயந்திரத்தை யார் வாங்குவார்கள்? சரக்கு வாங்கி உடனே விற்பதற்குத்தான் அது உதவும்.

அதே சமயம், சிறு தொழில்களில் பணத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த ஒரு பரிசோதனையில், குலுக்கலில் தேர்ந்தெடுத்த சிறு தொழில்களுக்கு இலவசமாக மூலதனம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக, கொடுத்த மூலதனத்தில் மாதம் ஐந்து சதவீதம் அளவுக்கு லாபம் கூடியது. எந்த வங்கியும் தராத பலன் இது. ஆனால் அந்தப் பலன் ஆண்கள் நடத்திய தொழில்களில் மட்டுமே தெரிந்தது. பெண்களின் தொழில்களில் ஏறக்குறைய பூஜ்யம். பெண்களுக்குத் திறமை இல்லை என்று சிலர் அவசர முடிவுக்கு வந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் தரவைக் குடும்ப அளவில் பிரித்துப் பார்த்தபோது, பெண்ணுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது தெரியவந்தது. பணம் பலன் தந்துதான் இருக்கிறது, வேறொருவர் பெயரில்.

பெரிய தொகையை ஒரு சிலருக்குக் கொடுத்தால்? நைஜீரியா 2011-இல் ஒரு வணிகத் திட்டப் போட்டி நடத்தியது. ஏறக்குறைய 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலர் மானியம். வென்றவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்ததால் நேர்மையான ஒப்பீடு சாத்தியமானது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பணம் பெற்ற நிறுவனங்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பும் பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் வாய்ப்பும் தெளிவாகக் கூடியிருந்தன. எனக்கு இதில் பிடித்த பகுதி இன்னொன்று. யார் வளர்வார்கள் என்பதை நடுவர்களால் கணிக்க முடிந்ததா என்று பிறகு சோதித்தார்கள். நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணும் உதவவில்லை, கணினிக் கணிப்பு முறைகளும் பெரிதாக உதவவில்லை. ஆண்டுக்கணக்கில் விண்ணப்பங்களைப் புரட்டிய எனக்கு இது ஆறுதலாகவும் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. எங்கள் அலுவலகங்களில் ‘இந்த ஆள் தேறுவார்’ என்று சொல்வதில் எவ்வளவு தன்னம்பிக்கை!

பதிவும் உரிமமும் எளிதானால் தொழில் பெருகும் என்று ஒரு கட்சி உண்டு. பெருவின் பொருளியலாளர் எர்னாந்தோ டி சோட்டோவின் குழு 1980-களில் லிமாவில் ஒரு சிறு தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்ய முயன்று பார்த்தது. 289 நாட்கள் ஆயின. அப்படிப்பட்ட தடைகளை நீக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தடை நீங்கினால் எல்லாரும் பதிவு செய்துகொண்டு வளர்வார்கள் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. இலங்கையிலேயே நடந்த மற்றொரு பரிசோதனையில், பதிவு முறையை விளக்கிச் சொல்லி, கட்டணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னபோது யாரும் அசையவில்லை. கையில் பணம் கொடுத்தபோதுதான் பலர் பதிவு செய்தார்கள். பதிவு செய்தவர்களிலும் மிகச் சிலர்தான் பெரிதாக வளர்ந்தார்கள்.

பயிற்சி விஷயத்தில் என்னை யோசிக்கவைத்தது டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் செய்வோரிடம் நடத்திய ஆய்வு, 2017-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கணக்குவழக்கு, சந்தைப்படுத்தல் பாடங்கள். மற்றொரு பிரிவினருக்குத் தானே முன்வந்து செயல்படுவது, தடைகளை முன்கூட்டியே எதிர்பார்ப்பது, மற்றவரிடமிருந்து வேறுபட்டு எதையாவது செய்து பார்ப்பது என்று மனப்பாங்கு சார்ந்த பயிற்சி. இரண்டாம் பிரிவினரின் லாபம் சுமார் 30 சதவீதம் உயர்ந்தது. முதல் பிரிவினருக்கு 11 சதவீதம், அதுவும் புள்ளிவிவர ரீதியில் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. மனப்பாங்குப் பயிற்சி என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவன் நான். இந்த முடிவு வேறு பல நாடுகளிலும் இதே அளவில் திரும்பக் கிடைக்கும் வரை பாதி உதட்டையாவது பிதுக்கியபடியே இருப்பேன்.

சற்றுப் பெரிய நிறுவனங்களில் கதை வேறு. பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் மும்பைக்கு அருகிலுள்ள துணி ஆலைகளுக்கு இலவச நிர்வாக ஆலோசனை கொடுத்துப் பார்த்தார்கள். இயந்திரங்களை ஒழுங்காகப் பராமரிப்பது, பழுதான துணியைப் பதிவு செய்வது, நூல் இருப்பைக் கணக்கில் வைப்பது போன்ற சாதாரண விஷயங்கள்தான். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. அங்கே வெளிப்பட்ட இன்னொரு செய்தி: ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை, நிர்வாகத்துக்குக் கிடைக்கும் ஆண் குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கைதான் பெரிதும் தீர்மானித்தது. வெளியாள் ஒருவரை மேலாளராக வைத்தால் அவர் திருடக்கூடும். திருடினால் நீதிமன்றத்தில் தீர்ப்பு வருவதற்குள் தலைமுறை மாறிவிடும். அதனால் தம்பிகள் தீர்ந்ததும் கிளைகளும் தீர்ந்துவிடும். வழக்கு மன்றங்களின் வேகமும் தொழில் வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதி என்று எந்த அமைச்சகமும் விளம்பரம் செய்து நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் நிறுவன அளவிலான ஆய்வுகள். இவற்றைக் கூட்டினால் ஒரு நாட்டின் வளர்ச்சி விகிதம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் கடை வளர்ந்தது அடுத்த தெருக் கடையின் வாடிக்கையாளர்களைப் பறித்ததால் இருக்கலாம். அப்போது நாட்டுக்குக் கூடியது எதுவும் இல்லை. தொழில்முனைவு வளர்ச்சியைத் தருகிறதா, வளர்ச்சி தொழில்முனைவுக்கு இடம் தருகிறதா என்பதும் தீர்ந்த வழக்கு அல்ல. தென் கொரியா, அரசு வளர்த்துவிட்ட சில பெரிய குழுமங்களைக் கொண்டு உயர்ந்தது. அதே காலத்தில் தைவான் ஏராளமான சிறு, நடுத்தர ஏற்றுமதி நிறுவனங்களைக் கொண்டு உயர்ந்தது. இரண்டும் வென்றன. எது சிறந்த வழி என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை எழுத்தறிவு, நிலச் சீர்திருத்தம், வெளிநாட்டுச் சந்தையில் போட்டியிட்டே தீர வேண்டும் என்ற நெருக்கடி.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு, அதாவது தொழிற்சாலைக்காகக் காத்திருப்பதா என்பதற்கு, எத்தியோப்பியாவில் கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டெஃபன் டெர்கான் இருவரும் செய்த பரிசோதனை ஒரு கடிவாளம் போடுகிறது. வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு ஆலை வேலை. சிலருக்கு 300 டாலரும் வணிகப் பயிற்சியும். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஆலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் விலகிவிட்டார்கள். சம்பளம் வெளியே கிடைப்பதைவிட அதிகமாக இல்லை, உடல்நலத்துக்கும் கேடு. பணம் பெற்றவர்களின் வருமானம் ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். பணம் பெற்றுத் தொழில் தொடங்கியவர்களில் பலர் அதை விட்டுவிட்டார்கள். ஆகவே ஆலை வந்தாலே விடிந்துவிடும் என்பதும் இல்லை, மானியம் தந்தாலே விடிந்துவிடும் என்பதும் இல்லை.

திறமைசாலிகள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதும் இங்கே முக்கியம். பொருளியலாளர் வில்லியம் பாமோல் 1990-இல் எழுதிய கட்டுரையில், முனைப்புள்ளவர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள், அவர்கள் பொருள் உண்டாக்குவதில் இறங்குகிறார்களா, அரசிடம் சலுகை பிடிப்பதில் இறங்குகிறார்களா என்பதை அங்குள்ள விதிகள்தான் முடிவு செய்கின்றன என்று வாதிட்டார். இறக்குமதி உரிமம் ஒன்றைக் கைப்பற்றினால் ஆலை நடத்துவதைவிட அதிகம் சம்பாதிக்கலாம் என்ற நாட்டில், புத்திசாலி எதற்காக ஆலை நடத்த வேண்டும்? ‘எங்கள் மக்களுக்கு முனைப்பு இல்லை’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம், அங்கே உரிமத் தரகர்களின் அலுவலகம் எவ்வளவு கூட்டமாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

நீங்கள் தொடங்கலாமா என்பதற்கு வருகிறேன். உங்கள் தொழிலும் குடும்பப் பொறுப்பும் தெரியாமல் ஆம், இல்லை என்று சொல்வது பொறுப்பற்றதாகும். ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன்: தொடங்க நினைக்கும் துறையிலேயே, உங்களைவிட நன்றாக நடத்துபவரிடம் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தேஷிலிருந்து விலகியவர்களுக்குக் கைகொடுத்தது அதுதான். அந்த வேலையில் இருக்கும்போது தயாரிப்பைவிடப் பணப் புழக்கத்தைக் கூர்ந்து பாருங்கள்: சரக்குக்கு எப்போது பணம் கட்டுகிறார்கள், வாடிக்கையாளர் எத்தனை நாளில் தருகிறார், தராதவரிடம் எப்படி வசூலிக்கிறார்கள். முதல் ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கையாவது முன்பணமாகக் கேளுங்கள். தர மறுக்கும் வாடிக்கையாளர், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்கட்டும். அரசு ஒப்பந்தம் என்றால், பணம் ஓராண்டு தாமதமானாலும் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.